டாரக் பிரபுவின் முக்காலி

டாரக் பிரபு மனந்திரும்பிய ஞாயிற்றுக்கிழமையில் மழை பெய்தது என்று சொன்னால் அது ஒரு செய்தியே ஆகாது, ஸ்காட்லாந்தின் அந்த மூலையில் மழை பெய்யாத ஞாயிறு ஒன்று இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. பிரபு மனந்திரும்பி எழுந்தபோது அவர் உட்கார்ந்திருந்த முக்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது என்பதையும் ஊர்க்காரர்கள் மழையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்கள். முக்காலி ஒட்டிக்கொண்டுவிட்டது என்பார்கள், பிறகு உன் ஆட்டுக்குக் கால் வீக்கம் எப்படியிருக்கிறது என்று விசாரிப்பார்கள்.

எல்ஸ்பெத்தால் மட்டும் அப்படிச் சொல்லிவிட்டு நகர முடியவில்லை. பிரபுவின் தொழுவத்தில் பால் கறப்பவள் அவள். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அன்றைக்கு அதே முக்காலிக்காகக் காத்து நின்றவளும் அவள்தான்.

டாரக் தேவாலயத்தில் பிரசங்க மேடைக்கு நேர் கீழே, கடைசி வரிசையில் இருப்பவனும் எக்காமல் பார்க்கும்படியாக அந்த முக்காலி கிடக்கும். தப்புச் செய்தவர்கள் மூன்று ஞாயிறு அதன்மேல் உட்கார்ந்து, போதகர் ஏசுவதைத் தலைகுனிந்து கேட்டு, கடைசி ஞாயிறு சபையாரிடம் மன்னிப்புக் கேட்டு எழுந்தால் பாவம் தீர்ந்தது. ஓய்வுநாளில் மீன் பிடித்தவன், பக்கத்து வீட்டுக்காரியைச் சூனியக்காரி என்று திட்டியவள், குடித்துவிட்டு வேதாகமத்தின் சங்கீதப் பாட்டை வேறு ராகத்தில் பாடியவன் என்று எத்தனையோ பேர் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் பலகை நடுவில் குழிந்து கறுத்துப் போயிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளை பெற்றவள் என்ற கணக்கில் எல்ஸ்பெத் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து முடித்திருந்தாள். பிள்ளையின் தகப்பன் ராபின், ஆடு மேய்ப்பவன், தன் பங்கை முன்பே உட்கார்ந்து தீர்த்துவிட்டு, போதகர் ஏசியதில் பாதி தனக்குப் புரியவில்லை என்று சிரித்துக்கொண்டு திரிந்தான். இன்றைக்கு அவளுடையதும் முடிந்தால் இன்றைக்கே குழந்தைக்கு ஞானஸ்நானம், அடுத்த வாரம் கல்யாணம். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அந்த ஊரில் பெயர் கிடையாது. செத்தால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமும் கிடையாது, மதிலுக்கு வெளியே முட்செடிக்குள் புதைப்பார்கள். மாரிக்காலத்துக் குழந்தை, மூச்சு இழுத்து இழுத்து விட்டது. அதனால் அந்த மூன்றாவது ஞாயிறுக்காக அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

பிரபு குறுக்கே வந்தார். வரிசை என்று ஒன்று இருப்பதைப் பிரபுக்கள் கவனிப்பதில்லை.

நாட்டில் அப்போது நடந்த சண்டை முழங்காலைப் பற்றியது. தேவாலயத்தில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்தை முழங்காலிட்டு வாங்க வேண்டும் என்றார்கள் ராஜாவும் பிஷப்புகளும். மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் வாங்குவோம், கர்த்தருடைய சீஷர்கள் உட்கார்ந்துதானே சாப்பிட்டார்கள் என்றார்கள் சபை மூப்பர்கள். தூரத்திலிருந்து கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இதற்காக வெட்டுப்பட்டவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. ராஜாவின் கட்டளை வந்த வாரமே, வேறு எந்தப் பிரபுவும் முழங்காலைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால், டாரக் பிரபு மண்டியிட்டுவிட்டார், அதற்கு அவருக்கு ஒரு பதவியும் கிடைத்தது. பதவிச் சங்கிலியின் பளபளப்பு மங்குவதற்குள் காற்று திசை மாறியது. எடின்பரோவில் புது ஜெபப் புத்தகத்தை வாசித்த போதகர்மேல் பெண்கள் கையில் கிடைத்ததை எல்லாம் விட்டெறிந்தார்கள், பிரபுக்கள் விழுந்தடித்துக்கொண்டு போய் ராஜாவுக்கு எதிரான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். டாரக் பிரபுவுக்குச் செய்தி வந்து சேரத் தாமதமாகிவிட்டது, கூட்டத்தில் நூற்றோடு நூற்றொன்றாக நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. எல்லோரும் கையெழுத்துதானே போடுகிறார்கள், நான் ஏழை எளியவர்கள் உட்காரும் முக்காலியிலேயே உட்காருகிறேன் என்றார். எடின்பரோவிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பார்க்கட்டும் என்று ஆளும் அனுப்பினார். பிரபுவுக்கு மூன்று ஞாயிறு வேண்டாம், ஒன்றே போதும் என்று மூப்பர்கள் சலுகை கொடுத்தார்கள்.

அப்படித்தான் அந்த ஞாயிறு அவர் உட்கார்ந்தார், கையைக் கூப்பி, கண்ணை மூடி, நல்ல கனத்த குரலில் பேசினார். "முழங்காலிட்டது என் கால்கள்தான். என் இருதயம் அன்றும் உட்கார்ந்தே இருந்தது" என்றார். பெண்கள் அழுதார்கள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திரும் என்றார். பிரபு எழுந்தார். முக்காலியும் எழுந்தது.

சபை சங்கீதத்தைப் பாடி முடித்தது, பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லை. பிறகு தச்சர் வந்து இழுத்துப் பார்த்தார், இரண்டு பேர் பிரபுவின் தோளைப் பிடித்துக்கொள்ள இன்னும் இரண்டு பேர் முக்காலியின் காலைப் பிடித்து இழுத்தார்கள், ரம்பத்தை வைத்தபோது மரத்துக்குப் பதிலாகப் பிரபு அலறினார். ஆணியும் இல்லை பசையும் இல்லை, அது தானாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லித் தச்சர் கையைத் துடைத்துக்கொண்டார். எத்தனை பேருடைய கண்ணீர் குடித்த பலகை, மழைக்காலத்தில் ஊறிப் பிசுபிசுத்திருக்கும் என்று விளக்கம் சொன்னான் ஒருவன். எல்லோருக்கும் அது நியாயமாகப்பட்டது.

வேறு ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று எல்ஸ்பெத் கேட்டாள். சபை மூப்பர்களில் பெரியவரான கில்கிறிஸ்ட், மாவு அரைக்கும் ஆலைக்காரர், தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். புது முக்காலியில் எவருடைய வெட்கமும் ஏறியிருக்காது, அதில் உட்கார்ந்தால் உட்கார்ந்த சுகம் மட்டும்தான் கிடைக்கும், மன்னிப்புக் கிடைக்காது என்று தீர்ப்புச் சொன்னார். பிரபுவிடமிருந்து முக்காலி விடுபடும்வரை குழந்தை காத்திருக்கட்டும். பெயரில்லாத அந்தப் பெண்குழந்தையை ஊர் 'எல்ஸ்பெத்தோடது' என்று கூப்பிட ஆரம்பித்தது.

பிரபு முதல் மூன்று நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார், குப்புறப் படுத்துத்தான் கிடந்தார். நான்காம் நாள் எடின்பரோவிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். நாங்கள் எல்லாரும் மனந்திரும்பினோம், எழுந்து வீட்டுக்குப் போய்விட்டோம், இவர் ஒருவர்தான் மனந்திரும்புதலை உடம்போடு சுமக்கிறார் என்று அவர்களில் ஒருவர் தழுதழுத்தார். பிரபு அதைக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார். தையற்காரனைக் கூப்பிடச் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் சீராக நடந்தது. பின்பக்கம் திறந்த மேலங்கி தைத்தார்கள், முக்காலியின் கால்கள் விலாவை உறுத்தாமல் இருக்கக் குதிரைக்குச் சேணம் மாற்றினார்கள், அரண்மனைச் சுவரில் பிரபு திரும்பும் இடங்களில் எல்லாம் ஆட்டுத்தோல் அடித்தார்கள். வேலைக்காரர்கள் அவருக்குப் பின்னால் நடக்கும்போது நாலடி தள்ளி நடக்கப் பழகினார்கள். எடின்பரோ மன்றத்தில் மற்ற பிரபுக்கள் இடத்துக்காக முட்டி மோதிக்கொண்டிருக்கையில், டாரக் பிரபு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள்வார். அவர் எங்கே உட்கார்ந்தாரோ அதுவே முதல் வரிசை என்று ஆகிப்போனது.

எல்ஸ்பெத் இதற்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். மழையும் வெயிலும் பட்டால் மரம் வெடித்துவிடும், தினமும் வெண்ணெய் தடவ ஆள் வேண்டும் என்று அரண்மனைக் கணக்கரிடம் போய்ச் சொல்லி, அந்த வேலையைத் தானே வாங்கிக்கொண்டாள். காலையும் மாலையும் கைநிறைய வெண்ணெயை அள்ளி, முக்காலிக்கும் பிரபுவுக்கும் நடுவில் உள்ள விளிம்பில் நன்றாகத் தேய்த்து, தேய்க்கிற சாக்கில் ஒவ்வொரு தடவையும் பலகையைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பாள். அது அசையாது. பிரபு அவளை 'வெண்ணெய்' என்று கூப்பிட்டார், இப்படிக் கருத்தாக வேலை பார்ப்பவள் கிடைப்பது அபூர்வம் என்று விருந்தாளிகளிடம் மெச்சிக்கொண்டார்.

உடன்படிக்கைக்காகப் படை திரட்டியபோது டாரக்கின் ஆட்டுக்காரர்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போனார்கள், ராபினும் போனான். கல்யாணமாகாதவன் என்பதால் அவனை முதல் ஆளாகப் பிடித்தார்கள். கிளம்புகிற அன்று அவன் குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, "நான் வரும்போது அந்த முக்காலியைப் பிடுங்கிக்கிட்டு வரேன், நீ பயப்படாதே" என்றான். யார் பக்கம் சண்டை போடுகிறோம் என்று அவள் கேட்டாள். உட்காருகிறவர்கள் பக்கம் என்று நினைக்கிறேன் என்றான் அவன்.

அந்தச் சண்டை ஒரு மேட்டுக்குக் கீழே நடந்தது. பிரபு மேட்டின் உச்சியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கத்துப் படைத்தலைவர்களிலும் உட்கார இடம் இருந்தவர் அவர் ஒருவர்தான். விடியும்போது அவருடைய ஆட்கள் ராஜாவின் ஆட்களுக்கு எதிரில் நின்றார்கள். நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால், வெயில் ஏறியதால் படையோடு வந்திருந்த எல்ஸ்பெத் முக்காலிக்கு இன்னொரு தடவை வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கையில், ராஜாவின் பிரதிநிதி அனுப்பிய ஆள் மேடேறி வந்து பிரபுவின் காதில் ஒரு பதவியின் பெயரைச் சொன்னான். பிரபு உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். எத்தனை நேரம் யோசித்தார் என்று அவளுக்குத் தெரியாது, உள்ளங்கையில் வெண்ணெய் உருகி வழிகிற அளவுக்கு யோசித்தார். பிறகு கையை உயர்த்தினார், கொம்பு ஊதினார்கள், கீழே அவருடைய படை முழுவதும் அப்படியே திரும்பி, அதுவரை தங்களோடு தோளுரசி நின்றவர்கள்மேல் பாய்ந்தது. மாலையில் எல்ஸ்பெத் கீழே இறங்கிப் போய் ராபினின் உடலைக் கண்டுபிடித்தாள். அவன் முகத்தில் வலியைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. அவள் அழுதாள், மறுநாள் காலை திரும்பவும் வெண்ணெய் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள், போகாவிட்டால் குழந்தைக்கு யார் பெயர் வைப்பது.

ராஜாவின் ஆட்கள் முன்னால் பிரபு பேசிய பேச்சு அவளுக்குப் பழக்கமானதாக இருந்தது. உட்கார்ந்தது என் உடல்தான், என் இருதயம் அன்றும் மண்டியிட்டே இருந்தது என்றார். அங்கேயும் அழுதார்கள். ராஜாவின் பிரதிநிதிக்கு முன்னால் நாடே நிற்க, டாரக் பிரபு ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்; வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் பார்க்கிற கண்ணுக்கு அது பெரிய சலுகை போலத்தான் தெரிந்தது. சீக்கிரத்தில் மற்றப் பிரபுக்களும் ரகசியமாகத் தச்சர்களை வீட்டுக்கு வரவழைத்தார்கள். வாரால் கட்டிக்கொண்டவர்கள், கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டவர்கள், ஒரு விருந்தில் நடனத்துக்கு நடுவில் மூன்று முக்காலிகள் கழன்று விழுந்து உருண்டபோது அதைப் பார்க்காதது போல நடித்தவர்கள் என்று தலைநகரம் முழுவதும் முக்காலிகள் பெருகின. தன்னுடையது மட்டும்தான் நிஜமாக ஒட்டியது என்று டாரக் பிரபு தலை நிமிர்ந்து நடந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் எல்ஸ்பெத்தோடதுக்குக் காய்ச்சல் கண்டது. நடக்கப் பழகி, பேசவும் பழகிவிட்ட பிள்ளை, அம்மா, மதிலுக்கு வெளியே குளிருமா என்று கேட்டது. எல்ஸ்பெத் பிரபுவின் முன்னால் போய் நின்றாள். ஒரே ஒரு ஞாயிறு டாரக்குக்கு வாருங்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே பலகையின் ஓரத்தில் நானும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்துகொள்கிறேன், கில்கிறிஸ்ட் ஐயா ஒத்துக்கொள்ளக்கூடும் என்று கெஞ்சினாள். மன்றம் நடக்கிறது, நாடு என் தோளில் இருக்கிறது என்றார் பிரபு. பிள்ளை எப்படியோ பிழைத்துக்கொண்டது. அவள் அதற்கப்புறம் அவரிடம் எதையும் கேட்கவில்லை, வெண்ணெயை மட்டும் அழுத்தித் தேய்த்தாள்.

பிறகு ராஜாவின் பக்கம் தோற்றது. அப்படித்தான் அந்த நாட்டில் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஜெயிக்கும், மறுபக்கத்துக்காரர்களின் தலையை வெட்டும், பிறகு தோற்கும். உடன்படிக்கைக்காரர்கள் திரும்பி வந்து, யார் யார் ராஜாவோடு நின்றார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மற்றப் பிரபுக்கள் கடல் கடந்து ஓடினார்கள். டாரக் பிரபு ஓடவில்லை, ஓடவும் முடியாது. எங்கே மனந்திரும்பினேனோ அங்கேயே மறுபடி மனந்திரும்புகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அது நன்றாக நடந்தால் விசாரணைக் குழுவுக்கே அவரைத் தலைவராக்குவதாகப் பேச்சு அடிபட்டது.

அப்படியாக முக்காலி டாரக்குக்கு வந்து சேர்ந்தது. வந்த மறுநாள் காலையில் எல்ஸ்பெத் குழந்தையைக் குளிப்பாட்டி, தலைசீவி, கில்கிறிஸ்ட்டிடம் கூட்டிக்கொண்டு போனாள். மூப்பர் பிள்ளையைப் பார்க்கவில்லை. தகப்பன் எந்தப் பக்கம் நின்று செத்தான் என்று கேட்டார். காலையில் ஒரு பக்கமும் மதியம் ஒரு பக்கமும் நின்றான் என்று அவள் உள்ளதைச் சொன்னாள். செத்தது காலையிலா மதியத்திலா என்றார் அவர். நடுவில் என்றாள். நடு என்று ஒன்று கிடையாது, பிஷப்புகள் பக்கம் நின்று செத்தவனின் பிள்ளைமேல் இந்தத் தேவாலயத்துத் தண்ணீர் ஒரு சொட்டும் விழாது, தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு அவர் ஆலைக்குப் போய்விட்டார். இத்தனை வருஷம் ஒரு பலகையைப் பின்தொடர்ந்து வந்தவளுக்கு, பலகை கைக்கு எட்டும் நேரத்தில் பாதை இன்னும் ஒரு முழம் நீண்டது.

ஞாயிறு மழை பெய்தது. தேவாலயத்தில் நிற்க இடமில்லை. எடின்பரோவிலிருந்து குழுவினர் கறுப்பு அங்கியில் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். பிரபு மேடைக்குக் கீழே வந்து, பழைய இடத்தில், பழைய முக்காலியின் கால்களைத் தரையில் ஊன்றினார். அவர் முகம் களைத்துத் தெரிந்தது, குரல் மட்டும் கனம் குறையவில்லை. மண்டியிட்டது என் கால், உட்கார்ந்தது என் உடல், என் இருதயம் அன்றும் இன்றும் உங்களோடு நின்றுகொண்டே இருக்கிறது என்றார். முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மனந்திரும்பினவன் பேசி முடித்ததும், இவன்மேல் மனத்தாங்கல் உள்ளவர்கள் யாராவது இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று போதகர் கேட்பார். ஏழைகள் உட்காரும்போது ஊரே சொல்லும். பிரபுவின்மேல் யார் சொல்லப் போகிறார்கள், போதகர் கேட்ட கையோடு அடுத்த சங்கீதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். எல்ஸ்பெத் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எசமான், மேட்டு மேல நான் உங்க பக்கத்துலதான் இருந்தேன். என் ராபின் விழுந்தப்ப நீங்க எந்தப் பக்கம் இருந்தீங்க?"

பிரபு வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த மூன்று பேச்சுகளிலும் இதற்கு வரி இல்லை. முன்வரிசையைப் பார்த்தார், உடன்படிக்கையின் பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எல்லோருக்கும் நல்லது, அவளுக்கும்கூட நல்லது. அவர் குழந்தையைப் பார்த்தார். குழந்தை முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றார். "நான் கீழே பார்க்கவே இல்லை. அங்கே செத்தவர்களில் ஒருவனுடைய பெயரும் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக எனக்கு வேலை செய்கிற உன் பெயரும் தெரியாது."

கனத்த குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது, பின்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு அவர், எதற்கென்று தெரியாமல், எழுந்து நின்றார். முக்காலி எழவில்லை.

யாரும் ஆச்சரியப்படவில்லை. மரம் இப்போது காய்ந்திருக்கும் என்று ஒருவன் முணுமுணுத்தான். குழுவினரின் முகத்தில்தான் ஈயாடவில்லை. முக்காலி இல்லாத டாரக் பிரபு, பின்பக்கம் திறந்த அங்கி அணிந்த ஒரு கிழவராகத் தெரிந்தார், அவரை எதற்குத் தலைவராக்க நினைத்தோம் என்று அவர்களுக்கே ஞாபகம் வரவில்லை. அவருடைய அரசியல் அந்த நிமிஷத்தோடு முடிந்தது. அவர் அங்கியின் பின்பக்கத்தைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசைக்கு நடந்து போய், சாதாரணமான ஒரு பலகையின் ஓரத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

வெறும் முக்காலி நடுவில் நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். எல்ஸ்பெத் போய் அதன்மேல் உட்கார்ந்தாள். பலகை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, அவளுடைய வெண்ணெயே அதில் மணத்தது. போதகர் ஏச மறந்துவிட்டார். அவள் தானாகவே சபையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தாள், முக்காலி தரையிலேயே இருந்தது. மூன்றாவது ஞாயிறு முடிந்தது.

கில்கிறிஸ்ட் தொண்டையைச் செருமினார். தகப்பனுடைய பக்கம் எதுவென்று இன்னும் தெரியவில்லை, ஆகவே, என்று ஆரம்பித்தார். எல்ஸ்பெத் இடுப்பில் கட்டியிருந்த துணியால் முக்காலியைத் துடைத்தாள். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் மரியாதையாக அவர் பின்னால் வைத்தாள்.

"நீங்க வயசானவங்க, நிக்கக் கூடாது. இதுல உக்காந்துக்கிட்டுச் சொல்லுங்க ஐயா, கேட்டுக்கறேன்."

கில்கிறிஸ்ட் முக்காலியைப் பார்த்தார். சபையைப் பார்த்தார், சபை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நிற்பதில் தமக்கு எந்தச் சிரமமும் இல்லை என்றார். பிள்ளைக்கு ஏன் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை என்று போதகரைக் கடிந்துகொண்டார். போதகர் அவசர அவசரமாக ஊற்றியதில் பாதி அவர் அங்கியிலேயே கொட்டியது. பெயர் என்ன என்று கேட்டார்.

"ராபினா" என்றாள் எல்ஸ்பெத். அத்தனை வருஷம் மனசுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டிருந்த பெயர் அது.

முக்காலியைத் தேவாலயத்தில் வைத்திருக்க அதற்கப்புறம் மூப்பர்களுக்கு மனம் வரவில்லை. எடின்பரோவுக்கு அனுப்பலாம் என்றால் எடின்பரோ வேண்டாம் என்றது, எரித்துவிடலாம் என்றால் யார் கொளுத்துவது என்று சண்டை வந்தது. கடைசியில் எல்ஸ்பெத் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பால் கறக்க வசதியான உயரம். காலையில் பசுவின் பக்கத்தில் போட்டு உட்காருவாள், ராபினா கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கறந்து முடித்ததும் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள், முக்காலி அங்கேயே மழையில் நனைந்துகொண்டு கிடக்கும். ஊருக்கு வரும் பெரிய மனிதர்கள் அந்த வழியாகப் போகும்போது, வாசலில் நின்று அவள் உட்காரச் சொல்லிக் கூப்பிடுவாள். அவசர வேலை இருக்கிறது என்று சொல்லி அவர்கள் குதிரையைத் தட்டிவிடுவார்கள்.